ஒரு சமன்பாடு, நாலு உத்தியோகம்

(சங்கத்தின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பொறியியல் முதுகலை மாணவர்களுக்குக் கணித முறைகள்" என்று செயலாளர் தலைப்புக் கொடுத்துவிட்டார். நான் பொறியாளன் அல்ல. பௌதிகத்தில் பி.எஸ்ஸி., கணிதம் துணைப்பாடம், அவ்வளவுதான். ஆனால் மத்திய அரசில் முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் பெரும்பகுதி, பொறியாளர்கள் எழுதிய அறிக்கைகளைப் படித்து, பணம் ஒதுக்கலாமா வேண்டாமா என்று கேள்வி கேட்கிற வேலையாகவே அமைந்தது. சமையல் தெரியாவிட்டாலும் சாப்பிட்டுப் பார்த்து உப்புக் குறைவு என்று சொல்கிற பாத்தியதை ஒருவனுக்கு உண்டல்லவா? அந்தப் பாத்தியதையில் பேசுகிறேன்.

போன மாதம் நம் சங்கத்துப் பெண் ஒருத்தி, சிவிலில் எம்.டெக். முதல் வருஷம், என்னிடம் கேட்டாள்: "மாமா, எல்லாத்தையும் சாஃப்ட்வேரே பண்ணிடறதே, இந்தப் பார்ஷியல் டிஃபரென்ஷியல் ஈக்வேஷனை எல்லாம் நான் ஏன் கையால போடணும்? பரீட்சையோட சரி, அப்புறம் யார் கேக்கப் போறா?" நியாயமான கேள்வி. "கணிதம் மூளைக்கு நல்லது" என்று சொல்லி அதை ஒதுக்கிவிட முடியாது. கிரேவாலும் கிரெய்ஸிக்கும் தலையணை உயரத்துக்கு இருக்கின்றன. அதிலுள்ள அத்தனை முறைகளையும் இங்கே அடுக்கிக் காட்டவும் போவதில்லை. ஒரே ஒரு சமன்பாட்டை எடுத்துக்கொள்கிறேன். வெப்பம் பரவும் சமன்பாடு.

அதைச் சொற்களில் சொன்னால் இவ்வளவுதான். ஓர் இடத்தின் சூடு, அதன் அக்கம்பக்கத்துச் சராசரியைவிடக் குறைவாக இருந்தால் ஏறும். அதிகமாக இருந்தால் இறங்கும். வித்தியாசம் எவ்வளவோ அந்த விகிதத்தில் வேகம். பொருளுக்குப் பொருள் மாறுகிற ஓர் எண் உண்டு, அதற்கு டிஃப்யூஸிவிட்டி என்று பெயர். அதன் அலகைக் கவனியுங்கள்: சதுர மீட்டர், விநாடிக்கு. நீளத்தின் சதுரத்தைக் காலத்தால் வகுத்தது. இந்த அலகு ஒன்றை வைத்தே, ஒரு வரி கணக்குப் போடாமல், பாதி விடை வந்துவிடுகிறது: தூரம் இரண்டு மடங்கானால் காலம் நாலு மடங்காகும். முழு உருளைக்கிழங்கு வேகிற நேரத்தையும், அதில் பாதிப் பருமனுள்ள கிழங்கு வேகிற நேரத்தையும் மாமிகள் நன்றாக அறிவார்கள். பாதி நேரம் ஆகாது, ஏறக்குறையக் கால்வாசிதான் ஆகும்.

இந்தச் சமன்பாட்டைக் கண்டு, தீர்க்கவும் வழி சொன்ன ஜோசப் ஃபூரியே ஒரு அரசாங்க அதிகாரி என்பதில் எனக்குத் தனிப் பெருமை. 1798-ல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போய், திரும்பி வந்ததும் 1802-ல் கிரெனோப்ளைத் தலைநகராகக் கொண்ட இஸேர் மாவட்டத்துக்குப் ப்ரீஃபெக்ட் ஆனார். நம்மூர்க் கலெக்டர் மாதிரி. பூர்க்வான் பக்கத்துச் சதுப்பு நிலத்தை வடிய வைத்தார், டூரின் நகருக்கு மலைவழிச் சாலை போட ஏற்பாடு செய்தார், இடையில் வெப்பத்தைப் பற்றி ஆராய்ச்சியும் செய்தார். 1807-ல் பாரிஸுக்கு அனுப்பிய கட்டுரையை லாக்ராஞ்ச் போன்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எப்படிப்பட்ட வடிவத்தையும் ஸைன், கோஸைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்றால் யார் நம்புவார்கள்? 1812-ல் பரிசு கொடுத்தார்கள், கூடவே "நிரூபணம் போதாது" என்று ஒரு குறிப்பும் வைத்தார்கள். புத்தகம் வெளிவந்தது 1822-ல். நம் ஃபைல்கள் தாமதமாவதைப் பற்றி யாரும் குறை சொல்ல வேண்டாம்.

அலைகளாகப் பிரித்து என்ன லாபம் என்றால், ஒவ்வோர் அலைக்கும் தனித்தனியாக விடை எழுதிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். தில்லி மண்ணையே எடுத்துக்கொள்வோம். தரைமேல் இரண்டு அலைகள் அடிக்கின்றன. ஒன்று பகலும் இரவுமான தினசரி அலை, மற்றது கோடையும் குளிருமான வருஷாந்தர அலை. சாதாரண மண்ணுக்குரிய எண்ணைப் போட்டால், தினசரி அலை 12 சென்டிமீட்டர் இறங்குவதற்குள் 37 சதவிகிதமாகத் தேய்ந்துவிடுகிறது. ஓர் அடிக்கும் சற்றுக் கீழே போனால் பகல், இரவு என்ற பேதமே இல்லை. வருஷ அலை எவ்வளவு ஆழம் போகும்? மறுபடி கணக்கு வேண்டாம். காலம் 365 மடங்கு, ஆகவே ஆழம் அதன் வர்க்கமூலமான 19 மடங்கு. சுமார் 2.3 மீட்டர். இன்னொரு வேடிக்கை, அலை தேய்வது மட்டுமல்லாமல் பிந்தியும் போகிறது. ஏழு மீட்டருக்குச் சற்றுக் கீழே அது சரியாக ஆறு மாதம் பிந்துகிறது; மேலே ஜூன் என்றால் அங்கே டிசம்பர். ஆனால் அலையின் உயரம் 4 சதவிகிதம்தான் மிச்சம். அதனால் அந்த ஆழத்தில் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பநிலை, அதாவது ஊரின் வருஷ சராசரி, சுமார் 25 டிகிரி. ஜனவரிக் குளிரில் ஹேண்ட்பம்ப் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் மே மாதத்தில் ஜில்லென்றும் வருவதைப் பார்த்து, பூமித்தாயின் கருணை என்று என் தாயார் சொல்வாள். கருணைதான், சந்தேகமில்லை. கணக்கோடு கூடிய கருணை.

இனி அந்தச் சமன்பாடு வேறு உத்தியோகங்களுக்குப் போன கதை.

1854-ல் அட்லாண்டிக் கடலுக்கடியில் தந்திக் கம்பி போடுகிற பேச்சு எழுந்தபோது, வில்லியம் தாம்ஸன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு, நீண்ட கடலடிக் கம்பியில் மின்னழுத்தம் பரவுவதற்கும் ஃபூரியேயின் வெப்பச் சமன்பாடே பொருந்தும் என்று கண்டார். சூட்டுக்குப் பதில் வோல்டேஜ். பொருந்தினால் சதுர விதியும் கூடவே வர வேண்டும்: கம்பி பத்து மடங்கு நீளமானால் சமிக்ஞை தெளிவாகப் போய்ச் சேர நூறு மடங்கு நேரம். எனவே செம்பைத் தடிமனாகப் போடுங்கள், மென்மையான மின்னோட்டத்தையும் உணரும் கருவியை மறுமுனையில் வையுங்கள் என்றார். கம்பெனியின் மின்பொறியாளர் வைல்ட்மன் வைட்ஹவுஸ், அடிப்படையில் வைத்தியர், இதை ஒப்புக்கொள்ளவில்லை. புத்தகக் கணக்கு கடலுக்கு ஒத்துவராது என்று அவர் வாதம். மெல்லிய கம்பியே போடப்பட்டது. 1858 ஆகஸ்டில் விக்டோரியா மகாராணியின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி போய்ச் சேரப் பதினாறு மணி நேரம் ஆயிற்று. வேகம் போதவில்லை என்று சுமார் 2000 வோல்ட் அழுத்தத்தைக் கொடுத்தார் வைட்ஹவுஸ். ஏற்கெனவே பலவீனமாக இருந்த காப்புறை தாங்கவில்லை. ஒரு மாதத்துக்குள் கம்பி ஊமையாகிவிட்டது. 1866-ல் ஏறத்தாழ மூன்று மடங்கு செம்பு கொண்ட கம்பியைப் போட்ட பிறகுதான் காரியம் ஜெயித்தது.

அதே கெல்வின் அதே சமன்பாட்டை வைத்து இன்னொரு காரியம் செய்தார், அதையும் சொல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். உருகிய நிலையிலிருந்து பூமி ஆறிக்கொண்டு வருகிறது, இன்று சுரங்கத்துக்குள் ஆழம் போகப்போக இவ்வளவு சூடு ஏறுகிறது, ஆகவே பூமியின் வயது என்ன? 1862-ல் அவர் தந்த விடை சுமார் பத்துக் கோடி வருஷம். எப்படிப் பார்த்தாலும் இரண்டு கோடிக்கும் நாற்பது கோடிக்கும் இடையில். இன்று நாம் அறிந்த வயது சுமார் 454 கோடி. கணக்கில் பிழை இல்லை, வேண்டுமானால் நீங்களே போட்டுப் பாருங்கள், அரைப் பக்கம்தான். பிழை இருந்தது அனுமானத்தில். பூமியின் உட்பகுதி கெட்டிக் கல், வெப்பம் அதில் கடத்தப்பட்டு மட்டுமே வெளிவருகிறது என்று எடுத்துக்கொண்டார். அவரிடம் உதவியாளராக இருந்த ஜான் பெர்ரியே 1895-ல் இதைச் சுட்டிக்காட்டினார்: உள்ளே வெப்பம் இன்னும் சுலபமாக நகர்ந்தால் வயது பல மடங்கு கூடிவிடும் என்று. கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டது அதற்கும் அடுத்த வருஷம். குருவின் சமன்பாட்டைச் சிஷ்யன் தொடவில்லை. குரு என்ன எடுத்துக்கொண்டார் என்று மட்டும் கேட்டான்.

பிறகு இருபதாம் நூற்றாண்டு. 1923-ல், இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்த கார்ல் டெர்ஸாகி, ஈரக் களிமண்மேல் பாரம் ஏற்றினால் அது உடனே இறங்காமல் வருஷக்கணக்கில் இறங்குவது ஏன் என்று பார்த்தார். களிமண்ணின் நுண்துளைகளில் இருக்கும் தண்ணீர் வெளியேற வேண்டும். அந்த நீரழுத்தம் வடிவதற்கும் சமன்பாடு அதே. 1935-ல் அமெரிக்காவில் சார்ல்ஸ் தைஸ் என்ற நிலத்தடி நீர் வல்லுநர், கிணற்றில் பம்ப் போட்டால் சுற்றிலும் நீர்மட்டம் எப்படி இறங்கும் என்று அறிய விரும்பி, வெப்பக் கணக்கு ஒன்றை ஒரு கணித நண்பரிடம் கேட்டு வாங்கி, வெப்பத்துக்குப் பதில் தண்ணீர் என்று மாற்றிக்கொண்டார். அவர் பெயரிலுள்ள சூத்திரத்தை இன்றும் போர்வெல் சோதனைகளில் பயன்படுத்துகிறார்கள். ஷேர் மார்க்கெட் மாமாக்களும் தப்பவில்லை. 1973-ல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டின் மாறிகளைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் வெப்பச் சமன்பாடு எட்டிப் பார்க்கும்.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். சாஃப்ட்வேர் எல்லாம் செய்கிறதே?

என் உத்தியோக காலத்தில் ஓர் அறிக்கை வந்தது. எந்தத் துறை, எந்த ஊர் என்பது வேண்டாம். சதுப்பு நிலத்தில் மண் கொட்டி உயர்த்தி, மேலே பெரிய கிடங்கு கட்டுவதாகத் திட்டம். வழக்கம்போல நிதி, நிலம் என்று தாமதமாகி, மண் கொட்டி நாலரை வருஷம் ஆகிவிட்டிருந்தது. ஆலோசகர்கள் கம்ப்யூட்டரில் அச்சிட்ட நாற்பது பக்கம் கொடுத்தார்கள், வண்ணப் படங்களோடு. அதன் சாரம்: கீழேயுள்ள எட்டு மீட்டர் களிமண் 90 சதவிகிதம் இறங்க நாலரை வருஷம் தேவை, அது கழிந்துவிட்டது, தளம் போடலாம். தாமதமே லாபமாகிவிட்டதில் எல்லோருக்கும் சந்தோஷம்.

கடைசியில் இணைப்பாகத் துளையிட்டுப் பார்த்த மண் விவரம் இருந்தது. அதன் ஓரத்தில் ஓர் இளம் உதவிப் பொறியாளர் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "களிமண்ணுக்குக் கீழே மணல் இல்லை, பாறை." இதன் அர்த்தம் என்ன? களிமண்ணுக்கு மேலும் கீழும் மணல் இருந்தால் தண்ணீர் இருபுறமும் வடியும். அதிகபட்சம் நாலு மீட்டர் நடந்தால் போதும். கீழே பாறை என்றால் மேலே மட்டுமே வழி. எட்டு மீட்டர் நடக்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கு, காலம் நாலு மடங்கு. நாலரை வருஷமல்ல, பதினெட்டு வருஷம். கழிந்த நாலரை வருஷத்தில் இறங்கியது பாதிதான். மறுபாதி, தளம் போட்ட பிறகு இறங்கும். சாஃப்ட்வேர் ஒரு தப்பும் செய்யவில்லை. அடி எல்லை என்ற கட்டத்தில் "வடியும்" என்று யாரோ டிக் செய்திருந்தார்கள், அவ்வளவுதான். பாடத்தில் பௌண்டரி கண்டிஷன் என்று ஐந்து மார்க்குக்கு எழுதுகிறீர்களே, அதுதான் இது.

நான் நோட்டிங்கில் இதைக் கேட்டேன். "பயன்படுத்தப்பட்ட மென்பொருள் சர்வதேச அங்கீகாரம் பெற்றது" என்று பதில் வந்தது. கேட்டது மென்பொருளைப் பற்றி அல்ல, பாறையைப் பற்றி என்று மறுபடி எழுதினேன். அதற்குள் மேலிடத்தில் ஒப்புதல் ஆகிவிட்டது. சில வருஷங்களில் தளம் ஒரு பக்கம் சரிந்து, தூண்களின் ஓரங்களில் வெடிப்புவிட்டது. பழுது பார்க்கிற செலவுக்கு வந்த ஃபைலும் என் மேஜை வழியாகவே போயிற்று. களிமண்ணில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகச் செங்குத்து வடிகால் பட்டைகளை இறக்கியிருந்தால், தண்ணீர் எட்டு மீட்டர் மேலேறுவதற்குப் பதில் ஒரு மீட்டர்கூடப் பக்கவாட்டில் நகர வேண்டியிருக்காது, ஒரு வருஷத்துக்குள் முடிந்திருக்கும். நம் துறைமுகங்களின் கடற்களிமண்ணில் செய்கிற வேலைதான். அந்த இளம் பொறியாளர் பென்சிலால் எழுதியதற்குப் பதில் பேனாவால் எழுதியிருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆதங்கம். ஆனால் அவருக்கு மேலே நாலு பேர் இருந்தார்கள், நாலு பேரும் நாற்பது பக்கத்தையும் படித்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

நீங்களே ப்ரோக்ராம் எழுதும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. இதை இந்தப் பலகையில் போட்டுக் காட்டிவிடுகிறேன், இரண்டு நிமிஷம். ஒரு கம்பியில் வரிசையாகப் புள்ளிகள். நடுவில் 100 டிகிரி, மற்றவை எல்லாம் 0. ஒவ்வொரு காலடிக்கும் புதிய சூடு என்ன என்று கணக்கிட வேண்டும். டிஃப்யூஸிவிட்டியைக் கால இடைவெளியால் பெருக்கி, புள்ளிகளுக்கு இடையேயுள்ள தூரத்தின் சதுரத்தால் வகுத்தால் வருகிற எண்ணை நாம் தேர்ந்தெடுக்கலாம். அவசரக்காரர் ஒருவர் பெரிய காலடியாக வைத்து அதை 1 என்று எடுத்துக்கொள்கிறார். அப்போது விதி: இடது, வலது இரண்டையும் கூட்டு, நடுவைக் கழி. முதல் அடியில் 100, கழித்தல் 100, 100. நடுவிலே சூடாக இருந்த இடம் பனிக்கட்டியைவிட நூறு டிகிரி கீழே போய்விட்டது! அடுத்த அடியில் 100, கழித்தல் 200, 300, கழித்தல் 200, 100. மூன்றாவதில் நடுப்புள்ளி கழித்தல் 700. அடுப்பே இல்லாமல் வெடிகுண்டு. இங்கே இருப்பது ஐந்து புள்ளி, அதனால் சிரிக்கிறீர்கள். பத்து லட்சம் புள்ளிகள் இருந்து, பிழை ஒரு மூலையில் மெள்ள வளர்ந்தால் சிரிப்பு வராது.

அந்த எண் அரைக்கு மேல் போகக் கூடாது. அதை மீறினால் இந்த முறை நிலைக்காது. கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற மூவரும் 1928-ல் எழுதிய கட்டுரையிலிருந்து இந்த மாதிரி எச்சரிக்கைகள் தொடங்குகின்றன. வானிலைக் கணிப்பின் முன்னோடியான ரிச்சர்ட்ஸன் 1910-ல் வெப்பச் சமன்பாட்டுக்குச் சொன்ன ஒரு முறை, எவ்வளவு சிறிய காலடி வைத்தாலும் நிலைக்காது என்று பிற்காலத்தில் தெரிந்தது. 1947-ல் கிராங்க், நிகல்ஸன் இருவரும் தந்த முறையில் இந்த அபாயம் இல்லை. ஆனால் ஒவ்வோர் அடியிலும் எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். எதற்கும் ஒரு விலை உண்டு.

அதே எண்ணை 1/4 என்று வைத்துப் பாருங்கள். முதல் அடி: 25, 50, 25. இரண்டாவது அடி: 6.25, 25, 37.5, 25, 6.25. பெரியவர்கள் யாராவது கண்டுபிடித்தீர்களா? விகிதம் 1, 2, 1. பிறகு 1, 4, 6, 4, 1. பிங்கலரின் சந்தஸ் சாஸ்திரத்துக்குப் பத்தாம் நூற்றாண்டில் ஹலாயுதர் எழுதிய உரையில் வருகிற மேரு பிரஸ்தாரம்! குரு, லகு எழுத்துக்களை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எண்ணியவர்கள் போட்ட முக்கோணம். அதற்காக ஹலாயுதருக்கு வெப்பச் சமன்பாடு தெரிந்திருந்தது என்று யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், தெரிந்திருக்கவில்லை. அவர் எண்ணியது செய்யுளுக்காக. சூடு இடப்பக்கம் ஓர் அடி, வலப்பக்கம் ஓர் அடி என்று தற்செயலாக நடந்து பரவுகிறது என்று பார்த்தால், அங்கேயும் எண்ண வேண்டியது அதே அடுக்குகளைத்தான். அதனால் அதே முக்கோணம்.

ஆக, கையால் எதைப் போட வேண்டும், எதை மெஷினுக்கு விட வேண்டும்? என் அபிப்பிராயம் இது, உங்கள் பேராசிரியர்கள் மாறுபடலாம். நீளமான தொடர்கள், பெரிய மேட்ரிக்ஸ்கள், இன்டெக்ரல் அட்டவணைகள், இவற்றை மேட்லாபோ பைதானோ செய்யட்டும். நாங்கள் கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டிய காலம் போய்விட்டது, அதற்காக அழ வேண்டியதில்லை. ஆனால் ரன் பட்டனை அழுத்துவதற்கு முன், விடை மணிக்கணக்கில் வருமா, வருஷக்கணக்கில் வருமா என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வையுங்கள். எல்லைகளில் என்ன நடக்கிறது என்று தமிழிலோ இங்கிலீஷிலோ ஒரு வாக்கியம் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அது இன்னும் புரியவில்லை. விடை தெரிந்த ஒரு சின்னக் கணக்கை முதலில் ப்ரோக்ராமுக்குக் கொடுத்துப் பாருங்கள். புள்ளிகளை இரண்டு மடங்கு நெருக்கிப் போட்டு, விடை மாறுகிறதா என்று பாருங்கள். இப்போது கேட்டால் ப்ரோக்ராமையே எழுதிக் கொடுக்கிற கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அது கீழே பாறையா மணலா என்று போய்ப் பார்த்துவிட்டு வரப் போவதில்லை.

பாடம் பிடிபடாதவர்கள் என்.பி.டி.இ.எல். விரிவுரைகளைக் கேட்கலாம், இலவசம். தனியாகக் கேட்டால் தூக்கம் வரும். இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து, நடுநடுவே நிறுத்திச் சண்டை போட்டுக்கொண்டு கேளுங்கள்.

காபி ஆறுவதற்குள் ஒரு கணக்குக் கொடுத்துவிட்டு இறங்குகிறேன். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேற்குப் பார்த்தது. மே மாதம், மாலை மூன்று மணிக்கு வெளிப்புறம் உச்சச் சூடு. செங்கல்லுக்கும், நான் மண்ணுக்குச் சொன்ன அதே 12 சென்டிமீட்டரை வைத்துக்கொள்ளலாம். உள்ளே கட்டிலில் படுத்திருப்பவருக்கு அந்தச் சூடு எத்தனை மணிக்கு வந்து சேரும்? சுவரை ஒன்றரை மடங்கு தடிமனாக்கினால் எத்தனை மணிக்கு? ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க நூலகத்தில் இருப்பேன். விடையோடு வருகிறவர்கள் பேப்பரையும் கொண்டுவாருங்கள், செல்ஃபோனில் காட்ட வேண்டாம், என் கண்ணுக்குத் தெரியாது.